எந்த மீனுக்கு எந்தச் சமையல்?

கேள்வி: கோவையிலிருந்து வேலை மாற்றலாகி ராமநாதபுரம் வந்திருக்கிறோம். இங்கே மீன் புதிதாகக் கிடைக்கிறது, வகைவகையாகவும் கிடைக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரு குழம்பும் ஒரு வறுவலும்தான். சில மீன் குழம்பில் கரைந்துவிடுகிறது, சிலது கல்லில் ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் முள்ளுக்குப் பயந்து தொடுவதில்லை. வீட்டில் வாடையும் நிற்கிறது. மீனை வேறு எப்படியெல்லாம் சமைக்கலாம்?

பதில்: பத்துச் சமையல் குறிப்பு எழுதித் தந்துவிடலாம். ஆனால் உங்கள் சிக்கல் அதனால் தீராது. குழம்பில் கரைந்த மீனும் கல்லில் ஒட்டிய மீனும் பெரும்பாலும் அந்தச் சமையலுக்கு ஆகாத மீனாக இருந்திருக்கும். இங்குள்ள கடலோர வீடுகளில் என்ன சமைப்பது என்பதை மீன் கைக்கு வந்த பிறகுதான் முடிவு செய்வார்கள். நீங்களும் அந்த வழக்கத்துக்கு மாறிவிடுங்கள். கூடையில் இருப்பதைப் பார்த்ததும் சதை கெட்டியா பொலபொலவா, கொழுப்பு உண்டா, முள் எப்படி என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல் இருக்கிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது. காரல், நண்டு, இறால் எல்லாம் அங்கே நிறைய. தெற்கே மன்னார் வளைகுடா, பவளப்பாறையும் 21 தீவுகளும் உள்ள கடல். விளைமீன், ஓரா, பாறை போன்றவை அங்கிருந்து வரும். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் நான்கு நாளும் தொழிலுக்குப் போவது நெடுநாள் ஏற்பாடு. நாட்டுப்படகு மீன் அளவில் குறைவாக இருந்தாலும் வலையிலிருந்து சீக்கிரம் கரைக்கு வந்துவிடும். இன்றைக்கு எந்தப் படகு மீன் என்று விற்கிற அக்காவிடம் கேட்டு வாங்குங்கள்.

முதலில் குழம்பு. மீன் தசையில் நார் குறைவு. ஆட்டுக்கறியில் தசையைக் கட்டிப்பிடித்திருக்கும் சவ்வு கரைய நேரமாகும். மீனில் அது குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் மீன் சில நிமிடத்தில் வெந்து, அதற்கு மேல் விட்டால் உதிர்கிறது. மசாலாவும் மீனும் சேர்ந்தே கொதிக்கட்டும் என்று விட்டால் மசாலா வேகுமுன் மீன் உடைந்துவிடும். புளிக்கரைசல், மிளகாய், மல்லி எல்லாம் பச்சை வாடை போகக் கொதித்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, குழம்பு நீங்கள் விரும்பும் பதத்துக்கு வந்த பிறகே மீனைப் போட வேண்டும். அரை அங்குலத் துண்டு என்றால் அதற்குப் பிறகு ஐந்தாறு நிமிடம் போதும். கரண்டியை உள்ளே விடாதீர்கள். சட்டியின் இரண்டு பக்கத்தையும் துணியால் பிடித்து லேசாகச் சுழற்றினால் மசாலா எல்லாத் துண்டிலும் ஏறும். நடு முள்ளை ஒட்டிய சதையைப் பாருங்கள்: கண்ணாடி போல் மினுங்கினால் இன்னும் வேகவில்லை, வெள்ளையாகி முள்ளிலிருந்து தானாக விலகினால் அடுப்பை அணைத்துவிடலாம். மண்சட்டியின் சூடு அணைத்த பிறகும் வேலை செய்யும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துவது நல்லது.

மிளகாய்க்கு இந்த ஊர் முண்டு மிளகாயையே வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. குண்டாக, தோல் தடிப்பாக இருக்கும். வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி மல்லி, சீரகம், சின்ன வெங்காயத்தோடு அரைத்துப் பாருங்கள், கடைப் பொடியில் வராத மணம் வரும்.

இப்படிப் புளி போட்ட குழம்புக்குக் கொழுப்புள்ள மீனும் கெட்டிச் சதை மீனும் நன்றாக இருக்கும். சாளை, சூடை, கும்பளா (உங்கள் ஊரில் அயிலை என்றோ கானாங்கெளுத்தி என்றோ சொல்லியிருப்பார்கள்), பாறை, விளைமீன் எல்லாம் இதில் சேரும். மெல்லிய சதையுள்ள காரலையும் கிழங்கானையும் அதே காரத்தில் போட்டால் அவற்றின் ருசி அமுங்கிப்போகும். அவற்றுக்குச் சொதிதான் சரி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, மீனைச் சேர்த்து, வெந்ததும் முதல் பாலை ஊற்றி நுரை கட்டும்போது இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். முதல் பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இங்கே காரல் சொதி கொடுப்பது வழக்கம். கீழக்கரைப் பக்கம் குழம்பை ஆணம் என்பார்கள். தேங்காய்ப்பால் சேர்த்த மீன் ஆணம் அந்த ஊர் வீடுகளில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. பக்கத்து வீட்டில் யாராவது அந்த ஊர்க்காரர் இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

வறுவலில் ஒட்டுவதற்கு முக்கியக் காரணம் ஈரம். கழுவிய மீனைத் துணியால் ஒற்றி எடுக்காமல் மசாலா பூசினால், கல்லில் விழுந்ததும் தண்ணீர் வெளியேறி எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும். மீன் வறுபடாமல் அவிந்து, தோல் கல்லோடு போய்விடும். ஒற்றி எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதை இழுத்துப் பூசும் அளவுக்குக் கெட்டியாகக் கலந்து, ஒரு ஸ்பூன் அரிசி மாவும் சேர்த்து இருபது நிமிடம் வையுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதென்றால் அதற்கு மேல் ஊறவிடக் கூடாது. புளிப்பு சதையை இறுக்கி உலர்த்திவிடும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு மீன். போட்டதும் தள்ளிப் பார்க்காதீர்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் மீன் தானாகவே கல்லை விட்டுக்கொடுக்கும், அப்போது திருப்பினால் தோல் முழுசாக வரும். நெத்திலியை எண்ணெயில் பொரிப்பது நல்லது. நெய்மீன், பாறை, விளைமீன் கல்லில் போட ஏற்றவை. ஓரா வாங்கினால் கடையிலேயே துடுப்பை வெட்டி வாங்குங்கள். அதன் முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கடுமையாகக் கடுக்கும்.

பிள்ளைகளுக்கு என்றால் திருக்கையில் தொடங்குங்கள். அதற்குக் குருத்தெலும்புதான், சதைக்குள் குத்துகிற முள் கிடையாது. மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, கையில் வைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். கடுகு, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த மீனைப் போட்டுப் பொலபொலவென்று வரும்வரை சிறு தீயில் கிளறி, தேங்காய்த்துருவல் தூவி இறக்கினால் புட்டு. சுறாவிலும் இதையே செய்யலாம். இந்த இரண்டு மீனின் உடம்பிலும் யூரியா இருக்கிறது. நேரமானால் அது அம்மோனியாவாக மாறி மூக்கில் ஏறும், அப்படி வாடை வந்ததைச் சமைக்க வேண்டாம். புட்டு மீந்தால் மறுநாள் முட்டையோடு கிளறி சப்பாத்திக்குள் வைத்துக் கொடுங்கள்.

எண்ணெய் குறைக்க நினைத்தால் வாழையிலை இருக்கிறது. சின்ன வெங்காயம், தக்காளியைச் சுருள வதக்கிய மசாலாவை மீனின் இரு பக்கமும் வைத்து, தீயில் வாட்டிய இலையில் மடித்து, மூடிய கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். கடல் விரால் கிடைத்தால் இதற்கு மிகவும் நல்லது. 2010-ல் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக அதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். தடிப்பான வெள்ளைச் சதை, கொழுப்பும் இருக்கும், எளிதில் உலராது.

வாடைக்கு வருவோம். கடல் மீன் செத்த பிறகு அதன் தசையில் டிரைமெத்தில் அமீன் என்ற பொருள் உண்டாகிறது. நீங்கள் சொல்லும் வாடை பெரும்பாலும் அதுதான். அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கிவிடும். மீன் குழம்பில் புளி சும்மா ருசிக்காக மட்டும் இல்லை. மீன் கழுவிய தொட்டியையும் பலகையையும் புளித்தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்த்துவிடுங்கள். செவுளையும் குடலையும் வீட்டுக்குள் அதிக நேரம் வைத்திருக்காதீர்கள்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாளை, கும்பளா, சூரை போன்ற மீன்களை வெயிலில் வைத்துவிட்டால் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். மண்டபத்திலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ வாங்கி வருகிறீர்கள் என்றால் ஐஸ் போட்ட பெட்டியோடு போங்கள். வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்து, அன்றைக்குச் சமைக்காததை உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கொழுப்புள்ள மீன் ஃப்ரீசரிலும் சீக்கிரம் சிக்கு அடிக்கும், முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறும். அப்போது கருவாட்டுக்குப் போய்விடுங்கள். மணலில் கொட்டிக் காயவைத்ததை விட வலைவிரிப்பில் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் மணலும் அதிக உப்பும் போய்விடும். கத்தரிக்காய், மாங்காய், முருங்கைக்காய் இதில் எதுவும் சேரும். குழம்பில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே போடுங்கள்; பல நேரம் தனியாக உப்பே தேவைப்படாது.