திறமை இருந்தால் என்.பி.ஏ. வரை போய்விட முடியுமா? ஜெரமி லின் போன வழி

கேள்வி: பள்ளி அணியில் நன்றாக ஆடும் ஒரு பையன் அமெரிக்காவின் என்.பி.ஏ. என்ற தொழில்முறை கூடைப்பந்து லீக் வரை போவது உண்மையில் எப்படி நடக்கிறது? திறமையும் உழைப்பும் இருந்தால் போதுமா?

போதாது. யாராவது ஒரு கோச் அவனைக் கோர்ட்டில் இறக்கி, இரண்டு தப்பு பண்ணினாலும் வெளியே கூப்பிடாமல் விட்டுவைக்க வேண்டும். அந்த ஆட்ட நிமிடங்கள் கிடைப்பதுதான் இந்த விளையாட்டில் எல்லாவற்றையும் விடக் கடினம்.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆளாக ஆடியவன். இப்போது மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். அழைத்து வரும் பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "சார், இவன் இன்னும் வளருவானா?" என்றுதான். உயரம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்கு நான் சொல்வது என்.பி.ஏ.யில் ஒன்பது சீசன் ஆடிய ஜெரமி லின்னின் கதையை. லெப்ரான் ஜேம்ஸைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பள்ளியில் படிக்கும்போதே தேசியப் பத்திரிகையின் அட்டையில் வந்து, 2003 டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அப்படி ஒருவர் தலைமுறைக்கு ஒரு முறை வருவார். லின்னின் பாதையில்தான் இந்த அமைப்பு எங்கெங்கே கதவைச் சாத்துகிறது என்று தெளிவாகத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊர். அப்பாவும் அம்மாவும் தைவானிலிருந்து வந்தவர்கள், இருவருமே உயரமானவர்கள் இல்லை. அப்பா கணினிப் பொறியாளர். என்.பி.ஏ. ஆட்டங்களை வீடியோ டேப்பில் பதிவு செய்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தே ஆட்டத்தைப் படித்தவர். மூன்று பையன்களையும் வீட்டுப்பாடம் முடித்த பிறகு இரவில் ஒய்.எம்.சி.ஏ. கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தார். ஊரில் சிறுவர்களுக்கான கூடைப்பந்து அமைப்பு ஒன்று உருவாக அம்மா ஷெர்லியும் முன்னின்று உழைத்தார். படிப்பைக் கெடுக்கிறீர்களே என்று தெரிந்தவர்கள் அந்த அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. இந்த இடத்தில் நம் ஊர் அம்மாக்கள் சிரித்துவிடுவார்கள்.

பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் லின்தான் அணித் தலைவர். அந்த சீசனில் 32 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2006 மார்ச்சில் மாநில இறுதிப் போட்டி. எதிரே மேட்டர் டே பள்ளி. நாடு முழுக்கப் பெயர் பெற்ற அணி அது, நெட்டை நெட்டையான பையன்கள். பாலோ ஆல்டோ 51-47 என்று ஜெயித்தது. லின்னுக்கு மாநிலத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம், வடக்குக் கலிஃபோர்னியாவில் அவர்களுடைய பிரிவின் சிறந்த வீரர் விருது, எல்லாம் கிடைத்தது.

அப்புறம்? ஒரு கல்லூரி கூட விளையாட்டு ஸ்காலர்ஷிப் தரவில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் டிவிஷன் என்ற உச்சப் பிரிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அப்போதிருந்த விதிப்படி ஆண்கள் கூடைப்பந்துக்கு ஒரு கல்லூரி 13 ஸ்காலர்ஷிப் வரை தரலாம். அவ்வளவு இடங்களில் ஒன்று கூட மாநில சாம்பியன் அணியின் தலைவனுக்கு இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருடைய பள்ளிக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். அங்கேயும் இல்லை.

காரணம் என்ன? ஒல்லி உடம்பு, பிரமாதமாகக் குதித்து டங்க் அடிக்கும் ஆளும் இல்லை. கோச்சுகளுக்கு ஒரு பையனை நேரில் போய்ப் பார்க்கக் கிடைக்கும் தடவைகளும் குறைவு. ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனால் கண்ணில் படுவது வேகமும் உயரமும்தான். எந்த நேரத்தில் யாருக்குப் பந்து கொடுக்க வேண்டும் என்ற கணக்கு நாலைந்து ஆட்டம் தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். தன் ஆசிய முகமும் ஒரு காரணம் என்று லின் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். நான் அதை நம்புகிறேன். கூடைப்பந்து வீரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று பார்க்கிறவர் மனதில் ஒரு படம் பதிந்திருக்கும்போது, அதில் பொருந்தாதவனைப் பார்த்தும் பார்க்காமல் போவது சுலபம்.

அவர் தன் ஆட்டங்களை டிவிடியில் போட்டு, தன்னைப் பற்றிய குறிப்போடு ஐவி லீக் என்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் குழுவுக்கும் கலிஃபோர்னியாவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார். அணியில் இடம் உறுதி என்று சொன்னவை ஹார்வர்டும் பிரவுனும்தான். ஐவி லீக்கில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆக, ஹார்வர்டில் பொருளாதாரம் படிக்கப் போனார். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் கூடைப்பந்து ஆள் ஒருவனுக்கு அது ஒதுக்குப்புறம். அவருக்கு முன் ஹார்வர்டில் படித்து என்.பி.ஏ.யில் ஆடியவர் 1950களின் ஆள். ஐவி லீக் ஆட்டங்களில் பார்வையாளர்களும் எதிரணிக்காரர்களும் இனத்தைச் சொல்லி ஏசியதையும் லின் பேசியிருக்கிறார்.

ஆனால் அந்த ஒதுக்குப்புறத்தில் அவருக்கு ஒன்று கிடைத்தது: கோர்ட்டில் நேரம். பெரிய கல்லூரி ஒன்றில் ஸ்காலர்ஷிப் இல்லாத கூடுதல் ஆளாகச் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். இங்கே பந்து அவர் கையில் இருந்தது. 2009 டிசம்பரில் கனெக்டிகட் போன்ற பலமான அணிக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார். ஹார்வர்டு தோற்றது, ஆனால் நாடு திரும்பிப் பார்த்தது. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பெயர் பெற்ற அகாடமியின் மூன்றாவது அணியில் டீ-ஷர்ட் போட்டு உட்கார்வதை விட, சுமாரான அணியில் தினமும் முப்பது நிமிடம் ஆடுவது பதினாறு வயதுப் பிள்ளைக்கு நல்லது. நான் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை.

2010 டிராஃப்டில் 60 பேரை எடுத்தார்கள். லின் பெயர் வரவில்லை. டிராஃப்டுக்கு முன் அணிகள் நடத்தும் தேர்வுகளில் ஐவருக்கு ஐவர் ஆடவிடுவதில்லை. ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர், மிஞ்சினால் மூவருக்கு மூவர். லின்னின் பலமோ முழு ஆட்டத்தில், பத்துப் பேர் ஓடும் நெரிசலில் வழி கண்டுபிடிப்பதில். சமையல்காரரைக் கூப்பிட்டு வெங்காயம் மட்டும் நறுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புகிற மாதிரியான தேர்வு அது.

டல்லாஸ் மேவரிக்ஸ் அணி கோடைக்கால லீக்கில் ஆடக் கூப்பிட்டது. அங்கே அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் ஆளான ஜான் வாலை எதிர்த்து, கடைசிக் கால்பகுதியில் லின் ஆடிய ஆட்டத்துக்குக் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்து ஆரவாரம் செய்தது. உடனே சில அணிகள் கேட்டன. சொந்த ஊர்ப் பக்கத்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் சேர்ந்தார். முதல் சீசனில் 29 ஆட்டம், சராசரி மூன்று புள்ளிகூட இல்லை. நடுவில் மூன்று தடவை என்.பி.ஏ.க்குக் கீழே உள்ள பயிற்சி லீக்கான டி-லீக்குக்கு அனுப்பினார்கள், ரீனோ என்ற ஊருக்கு.

2011 கோடையில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து லீக்கே மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் லின் செய்த காரியம் எனக்குப் பிடித்தமானது. தன் ஷாட்டைக் கழற்றி மறுபடி பூட்டினார். அதற்கு அவர் போன இடம், பக்கத்தில் ஒரு பள்ளியின் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்த டாக் ஷெப்லரிடம். என்.பி.ஏ. வீரன் ஒருவன் பள்ளிக் கோச்சிடம் போய், பந்தை எங்கே பிடிப்பது, எப்போது விடுவது என்று ஆரம்பத்திலிருந்து படித்தான்.

லீக் திரும்பத் திறந்ததும், 2011 டிசம்பர் 9 அன்று வாரியர்ஸ் அவரை விடுவித்தது. டிஆண்ட்ரே ஜோர்டன் என்ற நெட்டைக்காரருக்குப் பெரிய தொகை கொடுக்க, அணியின் சம்பள வரம்பில் இடம் வேண்டியிருந்தது. ஜோர்டன் கடைசியில் வரவும் இல்லை. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் எடுத்தது. அவர்களுக்கும் ஒரு சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டை வீரர்) தேவைப்பட, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளியே அனுப்பினார்கள். 27ஆம் தேதி நியூயார்க் நிக்ஸ் எடுத்தது, பாயிண்ட் கார்டுகளில் காயம் பட்டவர்கள் இருந்ததால் ஒரு மாற்று ஆளாக. அங்கிருந்தும் ஜனவரியில் டி-லீக், இந்த முறை ஈரி அணி. அங்கே ஒரே ஆட்டத்தில் 28 புள்ளி, 11 ரீபவுண்டு (தவறிய ஷாட்டில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (புள்ளி எடுக்க வைக்கும் பாஸ்) எடுத்தார்.

நிக்ஸ் முதல் 23 ஆட்டத்தில் 15ஐத் தோற்றிருந்தது. அந்த 23இலும் சேர்த்து லின் ஆடியது 55 நிமிடம். பிப்ரவரி 10க்குள் வெளியே அனுப்பாவிட்டால் சம்பளம் சீசன் முழுக்க உறுதியாகிவிடும், ஆகவே அதற்குள் கழற்றிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. தங்க வீடில்லாமல் அண்ணன் வீட்டு சோஃபாவில் படுத்துக்கொண்டிருந்தார். அங்கே விருந்தாளி வந்ததால் ஓர் இரவு சக வீரர் லேண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு சோஃபா.

மறுநாள் பிப்ரவரி 4, நெட்ஸ் அணியோடு ஆட்டம். கோச் மைக் டி'ஆன்டோனியிடம் வேறு வழியே இல்லை. இறக்கினார். 25 புள்ளி, 7 அசிஸ்ட், நிக்ஸ் ஜெயித்தது. அடுத்து யூட்டாவுக்கு எதிராக முதல் முறையாகத் தொடக்க ஐவரில் இடம். நட்சத்திரங்களில் அமாரே ஸ்டௌடமயர் சகோதரர் இறந்ததால் இல்லை, கார்மெலோ ஆண்டனி சில நிமிடத்திலேயே காயத்தோடு போய்விட்டார். லின் 28 எடுத்தார். பிப்ரவரி 10 அன்று லேக்கர்ஸ் அணி, நிக்ஸின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், எதிரே பெரிய நட்சத்திரம் கோபி பிரையன்ட். லின் 38, கோபி 34. நிக்ஸ் 92-85. டொரன்டோவில் ஆட்டம் சமமாக நிற்க, கடைசி நொடி வரை பந்தைத் தட்டிக்கொண்டே நின்று, அரை நொடி மிச்சமிருக்கும்போது மூன்று புள்ளி ஷாட் போட்டு முடித்தார். தொடர்ந்து ஏழு வெற்றி. தொடக்க ஐவரில் ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களில் 136 புள்ளி. 1976இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் என்.பி.ஏ.யோடு இணைந்த பிறகு, முதல் ஐந்தில் அவ்வளவு எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை.

அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் பாதி சரி. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகியதால்தான் இடம் வந்தது. டி'ஆன்டோனியின் ஆட்டமுறையும் பெரிய துணை. பிக் அண்ட் ரோலை மையமாக வைத்து, பாயிண்ட் கார்டு கையில் பந்தைக் கொடுத்துவிடும் கோச் அவர். நிக்ஸின் சென்டர் டைசன் சாண்ட்லர் வந்து எதிராளியை மறித்து நிற்க, அந்த ஓரத்தில் லின் உள்ளே நுழைந்தால், தடுக்கிறவர் லின், சாண்ட்லர் இருவரில் ஒருவரை விட்டாக வேண்டும். லின் ஆயுசு முழுக்கப் பயின்றது இதைத்தான். அதே சமயம், அவரை ஒதுக்கியவர்கள் எல்லாரும் முட்டாள்களும் இல்லை. இடது பக்கம் போவதில் பலவீனம், பந்தைப் பறிகொடுப்பது அதிகம். அதே மாதம் மயாமி அணி அவரை நெருக்கிப் பிடித்தபோது 11 ஷாட்டில் ஒன்றுதான் விழுந்தது, எட்டு முறை பந்து போனது. இருந்தாலும், அவரை அனுப்பியது தப்பு என்று ஹூஸ்டன் அணியின் மேலாளர் டெரில் மோரே பொதுவெளியிலேயே ஒப்புக்கொண்டார். அந்தக் கோடையில் மூன்று ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்ஸிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை. பிறகு ஹூஸ்டன், லேக்கர்ஸ், சார்லட், புரூக்ளின் அணிகள். புரூக்ளினில் 2017 சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. 2019இல் டொரன்டோ அணியோடு என்.பி.ஏ. பட்டம், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து. அதன்பின் சீனா, தைவான். நியூ தைபே கிங்ஸ் அணியில் தம்பி ஜோசப்போடு சேர்ந்து ஆடிப் பட்டம் வென்று, 2025 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

நம் நாட்டு உதாரணம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பஞ்சாபின் சத்னாம் சிங் இருக்கிறார். ஏழடி இரண்டங்குலம், லூதியானா அகாடமி, பதினான்கு வயதில் ஃபுளோரிடா, 2015 டிராஃப்டில் 52ஆவது ஆளாக டல்லாஸ். இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். ஆனால் என்.பி.ஏ.யில் ஒரு நிமிடம் கூட ஆடக் கிடைக்கவில்லை. டிராஃப்டில் பெயரே வராத லின் ஒன்பது சீசன் ஆடினார். உயரம் வாசல் வரை கொண்டு விடும் என்று நான் பெற்றோரிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் ஆடும் ஆட்டங்களை முழுசாகப் பதிவு செய்து வையுங்கள், நல்ல ஷாட்டுகளை மட்டும் வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட வீடியோவாக வேண்டாம். கோச் ஒருவருக்கு அனுப்பும்போது, அணி தோற்ற ஆட்டம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பந்து கையில் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான், பறிகொடுத்த பிறகு திரும்பி ஓடுகிறானா என்று அதில்தான் தெரியும். அணி மாற்றுவதாக இருந்தால், அங்கே அவனுக்கு முன்னால் அதே இடத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கட்டணத்தை அப்புறம் கேட்கலாம்.