சர்க்கரை நோய் இருந்தால் திடீரென்று காது கேட்காமல் போகுமா?

போகலாம். எல்லோருக்கும் அல்ல, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது நூல் மாதிரி மெல்லிய ஒரே தமனி. அடைத்தால் மாற்றுவழி கிடையாது. பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை, கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதுபோல உள்காதின் நுண் ரத்தக்குழாய்களையும் தடிக்க வைக்கிறது.

பலருக்குக் காலையில் எழும்போதே ஒரு காது அடைத்திருக்கும், 'ஙொய்' என்று இரையும். அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டு நாளைக் கடத்துகிறோம், அதுதான் தப்பு. 72 மணி நேரத்துக்குள் 30 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) அளவுக்குக் கேட்கும் திறன் இறங்கியிருந்தால் அது அவசரம். இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தொடங்கினால்தான் பலன் அதிகம்.

ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை எகிற வைக்கும். அதனால் செவிப்பறை வழியாக நடுக்காதில் அதே மருந்தை ஊசியாகப் போடுவதும் உண்டு. சர்க்கரை இருப்பதைக் காது மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.