சட்டென்று ஒரு கண் இருண்டால்: கேள்வி-பதில்

அப்பாவுக்கு வயது 66. காலையில் எழுந்ததும் வலது கண்ணில் பார்வை இல்லை, வலியும் இல்லை. மறுநாள் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம். போதுமா?

போதாது. கடிதம் எழுதிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். வலியில்லாமல் ஒரு கண் திடீரென்று இருண்டால், விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான விழித்திரைத் தமனி அடைத்திருக்கலாம். அது கண்ணில் வந்த பக்கவாதம். குரங்குகளில் செய்த ஆய்வுகளில், ரத்தம் நின்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்வரை விழித்திரை தாங்கியது. நாலு மணி நேரத்தில் பெருமளவு செத்துவிட்டது. நீங்களோ மறுநாளுக்கு டோக்கன் வாங்குகிறீர்கள்!

எனக்குப் பெரிய ஆதங்கம் இதில்தான். கை கால் விழுந்தால் 108-ஐக் கூப்பிடுகிறவர்கள், கண் போனால் மட்டும் கண்ணாடிக் கடைக்கும் மருந்துக்கடைக்கும் அலைகிறார்கள். சில கண் கிளினிக்குகளிலும் வரிசையில் உட்காரவைத்து, சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு பரிசோதனையாக எடுத்து இரண்டு மணி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள்.

அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தைக் கொடுப்பதாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி. பத்தில் ஒரு பங்கை ஊசியாகப் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். பார்வை திரும்பும் என்று உறுதி தர முடியாது, மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிப்பதற்கே நீங்கள் நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குப் பார்வை சரியாக இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்து கவனித்தவருக்குத் தூங்கப்போன நேரம்தான் கணக்கு.

ஐந்து நிமிடம் இருட்டி, பிறகு தானாகச் சரியாகிவிட்டது.

அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

கண்ணை அமுக்கிவிட்டால், காகிதப் பைக்குள் மூச்சு விட்டால் அடைப்பு விலகுமாமே?

பலன் நிரூபணமாகவில்லை. நேரம்தான் போகும்.

பாட்டிக்கு 74 வயது. நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி; நேற்றிலிருந்து ஒரு கண் தெரியவில்லை.

இது வேறு விஷயம். தமனி அழற்சியாக, அதாவது தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் வீங்குவதாக இருக்கலாம். நம் நாட்டில் அபூர்வம், ஆனால் விட்டால் சில நாட்களில் மறு கண்ணும் போகும். உடனே அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்க வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். பெரும்பாலும் மூன்று நாள், தினம் ஒரு கிராம் வரை ரத்தநாளம் வழியாக. இன்றே கிளம்புங்கள்.

கண் மங்கலாக இருக்கிறது. என்ன சொட்டு மருந்து விடலாம்?

எந்தக் கண், எப்போதிருந்து, சுகர் உண்டா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் மருந்து சொல்ல மாட்டேன்.

பார்வை போய் ஒரு மாதம். இனி டாக்டரிடம் போய் என்ன பயன்?

நிறைய. முதல் சில வாரங்களில் மூளைப் பக்கவாத ஆபத்து மிக அதிகம். கழுத்துத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்), ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்தாயிற்றா? இதயத் துடிப்பு ஒழுங்கில்லையென்றால் மாத்திரையே வேறு. அந்தக் கண்ணிலும் புது ரத்தக்குழாய்கள் முளைத்து அழுத்தம் ஏறலாம். முதல் நாலு மாதம், மாதம் ஒருமுறை காட்டுங்கள்.