யானை கேக்கைப் படுக்க வையுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நத்தார் விடுமுறையில் 5 வயது, 9 வயதுப் பிள்ளைகளோடு யானை கேக் செய்ய ஆசை. போன வருடம் மான் செய்தோம். தலை சரிந்தது, ஐசிங் வழிந்தது. யானை வடிவ ட்ரே இல்லை. சாதாரண வட்ட ட்ரேயில் முடியுமா?"

முடியும். 20 சென்ரிமீற்றர் வட்ட ட்ரே இரண்டும் பாண் வெட்டும் கத்தியும் போதும். மானின் தலை சரிந்தது பெரும்பாலும் அதை எழுப்பி நிறுத்தியதால்தான். அன்றைக்கே சுட்ட பட்டர் கேக் நிமிர்த்தி நிறுத்தும் துண்டை எளிதில் தாங்காது. எனவே யானையின் முகத்தை மட்டும், பலகையில் படுத்த வாக்கில் செய்யுங்கள். வேலையையும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கமுன் பிரிட்ஜின் தட்டை அளந்து பாருங்கள். யானை 34 சென்ரிமீற்றர் அகலமும் 31 நீளமும் வரும். கொள்ளாது என்றால் 15 சென்ரிமீற்றர் ட்ரேக்கு இறங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு கறிச்சட்டியைத் தூக்கி எங்கே வைப்பது என்று யோசிப்பதைவிட இது மேல்.

முதல் நாள் கேக். பட்டர், சீனி, கோதுமை மா ஒவ்வொன்றிலும் 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி. (சிறிய ட்ரே என்றால் 150 கிராம் வீதம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை.) பட்டரை ஒரு மணி நேரம் வெளியில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டுக்காரருடையவை. கொழும்புச் சமையலறையில் அது எண்ணெய் விட்டுவிடும். எண்ணெய் விட்ட பட்டர் காற்றைப் பிடிக்காது, கேக் அமுங்கிப்போகும். வெளியில் எடுத்து 15 நிமிடத்தில், விரல் பதிந்தால் தடம் நிற்கும் பதத்தில் அடிக்கத் தொடங்குங்கள். சீனியோடு வெளிறும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவையும் பாலையும் கடைசியில் மெதுவாகக் கலந்துவிடுங்கள். 170 பாகை செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். சிறிய ஓவனில் ஒரு ட்ரேதான் கொள்ளும் என்றால் மற்றதைப் பிரிட்ஜில் வையுங்கள், அரை மணி நேரம் பொறுக்கும். ஆறியதும் சுற்றி, இரவு முழுவதும் பிரிட்ஜில். குளிர்ந்த கேக்தான் உதிராமல் வெட்டுப்படும்.

முட்டை உடைப்பதை 9 வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பையில் உடைக்கட்டும். சின்னவருக்கு மா அரிப்பது, ட்ரேக்குப் பட்டர் பூசுவது. பச்சை முட்டையும் பச்சை மாவும் இருப்பதால் கலவையை நக்க விடாதீர்கள். ஓவனும் கத்தியும் உங்களுடையவை.

அடுத்த நாள் வெட்டு. இரு கேக்கினதும் மேல் மேட்டைச் சீவி, கவிழ்த்து வையுங்கள். ஒன்று முழுதாக முகம். அதை மட்டையில் வைத்து வரைந்து ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். ட்ரேயை வரைய வேண்டாம், கேக் சுடும்போது சற்றுச் சுருங்கியிருக்கும். இந்த மட்டையை இரண்டாவது கேக்கின் மேல் சரியாகப் பொருத்தி, பிறகு வலப்பக்கம் 7 சென்ரிமீற்றர் தள்ளி (சிறியதென்றால் 5), அதன் ஓரத்தோடு கத்தியை நேர்கீழாக இறக்கி வெட்டுங்கள். துண்டுகளை அசைக்காமல் இடப்பக்கமும் அதே அளவு தள்ளி இன்னொரு வெட்டு. பிரித்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் இரண்டு காது, நடுவில் கண் வடிவில் தும்பிக்கை, மேலும் கீழும் இரண்டு சிறு முக்கோணம். முகத்தின் வட்டத்தாலேயே வெட்டியதால் காதின் உள்வளைவு முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்ளும். தும்பிக்கையின் ஒரு நுனியில் 3 சென்ரிமீற்றரை அதே மட்டையால் வளைவாக வெட்டிவிட்டு முகத்தின் கீழே பொருத்துங்கள். முக்கோணங்கள் கொம்புகள். இலங்கை ஆண் யானைகளில் கொம்பனே சிறுபான்மை என்பதால், அவற்றைப் பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டுவிட்டாலும் யானை யானைதான்.

ஐசிங்குக்கு 125 கிராம் பட்டர், 125 கிராம் கெட்டி மார்ஜரின், 500 கிராம் ஐசிங் சீனி, பால் ஒரு மேசைக்கரண்டி. முழுக்கப் பட்டர் என்றால் ருசி கூடும், ஆனால் நம் வெயிலுக்கு நிற்காது. ஐசிங் சீனி அரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வீடே வெள்ளை. ஐசிங் தளர்ந்தால் இன்னும் சீனி கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தளர்த்துவது சூடு. பாத்திரத்தைப் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து மீண்டும் அடியுங்கள்.

முதலில் மெல்லிய பூச்சு ஒன்று, துகள்களைப் பிடித்து வைக்க. அரை மணி நேரம் பிரிட்ஜ். பிறகுதான் சாம்பல் நிறப் பூச்சு. கறுப்பு ஜெல் உணவுச் சாயத்தை ஊசிமுனையளவில் தொடங்குங்கள், ஒரு மணி நேரத்தில் நிறம் தானாகவே கூடும். பட்டரின் மஞ்சளோடு கறுப்பு சேர்ந்து பச்சை தட்டினால் ஒரு துளி ஊதா அதைச் சரிசெய்யும். சாயமே வேண்டாம் என்போர் கொக்கோ போடலாம், மண்ணில் புரண்ட யானையாகிவிடும்.

பிள்ளைகளுக்கான சிறந்த வேலை இனித்தான். இலங்கை யானைகளின் காதிலும் தும்பிக்கையிலும் நிறம் வெளுத்த இளஞ்சிவப்புத் தேமல்கள் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை ஐசிங்கில் நான்கு துளி பீற்றூட் சாறு கலந்து, காதோரங்களில் விரலால் ஒற்றவிடுங்கள். சாறு கூடினால் ஐசிங் திரிந்துவிடும். கை தவறிய இடமெல்லாம் தேமலாகிவிடுவதால் யாரையும் அதட்டத் தேவையில்லை.

கண்ணுக்குச் சொக்லேட்டோ பிளம்ஸோ (உலர்ந்த திராட்சை). ஆனால் பரிமாறும் நேரத்தில்தான் ஒட்ட வேண்டும். குளிர்ந்த கேக் ஈரக்காற்றுக்கு வந்ததும் வியர்க்கும், சாயம் பூசிய மிட்டாய்க் கண் என்றால் கண்ணீர் வடிக்கும். பிரிட்ஜில் மூடி வையுங்கள், பட்டர் ஐசிங் கருவாட்டு மணத்தையும் விடாமல் இழுத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

பிள்ளையார் முகத்தில் கத்தி வைப்பதா என்று அம்மம்மா கேட்டால், காதுகளை மட்டும் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உள்ளே கொண்டுபோய்த் துண்டாக்குங்கள்.