கல்லூரி பட்ஜெட்டை முடிவு செய்வது முதல்வரா, நிர்வாகமா?

நாகர்கோவில் பக்கம் உள்ள அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரியில் உங்கள் துறைக்கு நுண்ணோக்கி வாங்க வேண்டும், பட்ஜெட்டை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல்வர் மட்டும் முடிவு செய்வதில்லை.

அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. அதில் கல்லூரி கைவைக்க முடியாது. மீதிப் பணத்துக்குத்தான் போட்டி. துறைகள் கேட்பதைத் தொகுத்து, முதல்வர் தலைமையிலான நிதிக் குழு பார்க்கும். அதில் மூத்த ஆசிரியர் ஒருவரும், இணைப்புப் பல்கலைக்கழகமான மனோன்மணியம் சுந்தரனாரின் நிதி அலுவலரும் உண்டு. ஆனால் அது பரிந்துரைக்கும் குழுதான். ஒப்புதல் தருவது கல்லூரியை நிர்வகிக்கும் ஆட்சிக் குழு.

ஆகவே நுண்ணோக்கி வேண்டுமென்றால், ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கும் முன்பே விலைப்புள்ளியோடு எழுதிக் கொடுங்கள். ஜூனில் கேட்டால் பிள்ளைகள்தான் ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும். எனக்கு அதுதான் வருத்தம்.