அப்பாவுக்குப் பக்கவாதம். மூக்கில் டியூபோடு நாளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 62 வயது, வலப்பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சு வரவில்லை. மூக்கில் உணவுக் குழாய், கூடவே யூரின் பை. வீடு முதல் மாடி. பார்த்துக்கொள்ள நீங்களும் அம்மாவும்தான். என்னென்ன வாங்கி வைப்பது, ஆள் வைக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு லைன் வீட்டு மாடியில், இதே நிலையில் வந்த என் அப்பாவை ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டவள். அவ்வளவுதான் என் தகுதி.

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு வார்டை விட்டுக் கிளம்பும் முன், வீட்டில் செய்யப்போகிற ஒவ்வொரு வேலையையும் சிஸ்டர் நிற்கும்போது உங்கள் கையால் ஒரு தடவை செய்துவிடுங்கள். டியூபில் கஞ்சி ஊற்றுவது, ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது, யூரின் பையைக் காலி செய்வது, டயப்பர் மாற்றுவது, எல்லாமே. நான் பத்து நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததால் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த முதல் நாள் சிரிஞ்சைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது.

அந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசில்லாமல், படுத்த வாக்கிலேயே டியூபில் கஞ்சி ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் இருமல், ராத்திரி காய்ச்சல், மறுநாள் மூச்சு வாங்கியது. கஞ்சி மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா. திரும்பவும் ஆறு நாள் வார்டு. பாசத்தில் செய்த தப்புதான், ஆனால் தப்பு என்னுடையது.

அதனால் இதை மட்டும் மறக்காதீர்கள். ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், பாதி உட்கார்ந்த மாதிரி. ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சின் பின்தண்டைக் கழற்றிவிட்டு, குழாயை மேலே தூக்கிப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தித் தள்ளக்கூடாது. முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். சத்துமாவுக் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ, எதுவானாலும் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். எங்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி என்று சொன்னார்கள். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மூக்குத் துவாரத்தின் விளிம்பில் டியூபின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்னும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நகர்ந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். அந்த வேளைக்கு எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எங்கள் பாட்டி ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியைச் சாகும்வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். 1782இல் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் என்பதால் அந்தப் பெயர். மூன்று வேளையும் துணியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டு நின்ற நாட்களில் அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும்.

மாத்திரை விஷயம். டியூபில் கொடுக்கப் பொடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இடித்துவிடாதீர்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் அவை மெல்ல மெல்லக் கரைய வேண்டியவை, பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். வயிற்றுக்குக் கொடுக்கும் பாண்டோபிரசோல் மாத்திரைக்கு மேல் பூச்சு உண்டு, அதைப் பொடித்தால் பலன் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, "இதில் எதெது பொடிக்கலாம், பொடிக்கக்கூடாததற்குப் பதிலாக என்ன?" என்று டியூட்டி டாக்டரிடமே கேளுங்கள். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வரும்போது கூட்டத்தில் கேட்டால் பதில் கிடைக்காது. ரவுண்ட்ஸ் முடிந்து, அங்கேயே மேற்படிப்புப் படிக்கிற பி.ஜி. டாக்டர் கேஸ் ஷீட் எழுத உட்காருவார் பாருங்கள், அதுதான் நேரம். நாலு கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாளைப் பார்த்தால் அவர்களும் நின்று பதில் சொல்கிறார்கள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவை ஒரு பக்கம் திருப்பி, முதுகுத்தண்டு முடிகிற இடம், இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். என் அப்பாவுக்கு வார்டிலேயே முதுகின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடம் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் நான் பார்த்தேன். நம் தோலுக்கு அது சிவப்பாகத் தெரியாது, கொஞ்சம் கருத்திருக்கும், தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இன்னும் கெடும். ஒரே வைத்தியம், அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். ஏர் பெட், அதாவது மோட்டார் வைத்த காற்று மெத்தை, இருந்தாலும் திருப்ப வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் வீட்டில்தான் பெரிய புண்ணாகப் பார்த்திருக்கிறேன். குதிகாலுக்குக் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதி அந்தரத்தில் நிற்கும், அது போதும். திருப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டில் பிடிமானமே இருக்காது, இழுத்தால் மூட்டு நழுவி, அப்புறம் பிசியோ பயிற்சி கொடுக்கவே முடியாத அளவுக்கு வலி வந்துவிடும். நாங்கள் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டோம். பத்தும் பன்னிரண்டும் அம்மா, இரண்டும் நாலும் நான். நீங்களும் அம்மாவும் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அம்மாவே செய்வேன் என்பார், விடாதீர்கள். ஒரு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார்.

சரி, வாங்குவது. தலைப்பக்கம் தூக்குகிற கட்டில், ஏர் பெட் இரண்டும் வாடகைக்கே கிடைக்கும். எத்தனை மாதம் தேவைப்படும் என்று தெரியாததால் முதலில் வாடகையே மேல். ஏர் பெட் மோட்டாருக்கு விடாமல் கரண்ட் வேண்டும், உங்கள் தெருவில் அடிக்கடி போகுமென்றால் அதற்கும் யோசியுங்கள். டயப்பர், 50 மில்லி சிரிஞ்ச், கையுறை, படுக்கை மேல் விரிக்கும் ஷீட் எல்லாம் ஆஸ்பத்திரி எதிரில் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு, மொத்தமாக வேண்டியதைப் பாரிமுனைப் பக்கம் நைனியப்பன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் வாங்குங்கள். விலை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். வீட்டில் பி.பி. மெஷின் ஒன்று அவசியம்.

ஆள் வைப்பது பற்றி. நாங்கள் ஒரு ஏஜென்சியில் முன்பணம் கட்டி ஒரு பெண்ணை வரவழைத்தோம். பாவம், அவள் அதற்கு முன் டியூபைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு நாளில் அவளும் போனாள், முன்பணமும் போனது. வைப்பதானால் ஏஜென்சி பேச்சை நம்பாமல், வருகிறவரை உங்கள் முன்னால் ஒரு வேளை ஊற்றச் சொல்லிப் பாருங்கள். என்னைக் கேட்டால், பகலில் நாலு மணி நேரம் ஒருவர் வந்து குளிப்பாட்டித் துடைத்து, அம்மா தூங்க இடம் கொடுத்தாலே பெரிய உபகாரம்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் ஆரம்பித்த அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பிசியோ பயிற்சிக்கும் படுக்கையாளிகளைப் பார்க்கவும் ஆள் வருவார்கள். உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரியின் ஜெராக்ஸைக் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள். பிசியோவைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில மாதங்களில் வருகிற முன்னேற்றம் பிறகு அவ்வளவு வேகமாக வராது.

காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் அங்கேயே பதிவார்கள். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டினால் எல்லாச் சிகிச்சைக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கும் முன்பே அங்குள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். 1800 425 3993 எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.

சொந்தக்காரர்கள் வருவார்கள். புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்பார்கள், எங்கோ ஒரு ஊரில் எண்ணெய் கொடுக்கிறார்கள் என்பார்கள். காசிமேட்டிலிருந்து என் பெரியப்பா ஒரு புறாவையே கூண்டோடு கொண்டுவந்தார். அந்தப் புறா எங்கள் மொட்டைமாடியில் ரொம்ப நாள் சௌக்கியமாக இருந்தது. யாரோடும் சண்டை போடாதீர்கள், ஆனால் வாய்வழியாக ஒரு சொட்டுக்கூட, தேனோ தீர்த்தமோ, யாரையும் கொடுக்க விடாதீர்கள். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை வாய் மூடியே இருக்கட்டும்.

அப்பா காரணமில்லாமல் அழுவார், சில நேரம் சிரிப்பார். டி.வி.யில் சோப்பு விளம்பரம் வந்தால்கூட என் அப்பா தேம்பித் தேம்பி அழுவார். மூளையில் அடிபட்டதால் அப்படி வரும் என்று ரிவியூவில் சொன்னார்கள், அதற்கு மருந்தும் கொடுத்தார்கள். பேச்சு வராதவருக்கு நாம் பேசுவது புரியாது என்று நினைக்காதீர்கள். செலவுக் கணக்கை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள்.

பக்கவாதம் மறுபடி வருவதற்கும் வாய்ப்பு உண்டு, அதனால் இது. முகம் ஒரு பக்கம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. எங்களுக்கு முதல் தடவை காலை ஆறு மணிக்கு வந்தது. காபி கொடுத்துப் பார்த்தோம், பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம், அவர்கள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு மதியம் வரை வைத்திருந்தார்கள். சி.டி. ஸ்கேன் அங்கே கிடையாது என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் சி.டி. உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஞாபகமாகச் சொல்லுங்கள். மழைக்காலமென்றால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், ஆம்புலன்ஸ் வேறு எந்த வழியாகப் போக முடியும் என்று உங்கள் தெரு ஆட்டோக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக மாடிப்படி. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கை வைத்த கனமான மர நாற்காலி வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். வேட்டியால் மார்போடு சேர்த்து நாற்காலியில் கட்டுங்கள், விழுந்த கையையும் உள்ளே வைத்துக் கட்டுங்கள். முகம் தெருப்பக்கம் பார்க்க, பலமானவர் மேல்படியில் நாற்காலி முதுகைப் பிடிக்க, இரண்டு பேர் கீழே கால்களைப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தூக்கும்போது யூரின் பை இடிக்கிறது என்று தம்பி அதை எடுத்து அப்பா வயிற்றின் மேல் வைத்துவிட்டான். பையில் இருந்தது எல்லாம் குழாயில் பின்னோக்கி ஓடியது. அது எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், கிளம்பும் முன்பே காலி செய்துவிட வேண்டும். நாற்காலி தூக்க மூன்று பேர், பையைப் பிடிக்க நாலாவதாக ஒருவர். அந்த நாலாவது ஆள் யார் என்று இன்று ராத்திரியே சொல்லி வைத்துவிடுங்கள்.