ஸ்டெஃபான் ஹைமை ஏன் கலகக்கார நாவலாசிரியர் என்கிறார்கள்?

எந்த அரசின் கீழ் வாழ்ந்தாலும் அதற்குத் தலையாட்ட மறுத்தவர் என்பதால். 1913இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ராணுவ எதிர்ப்புக் கவிதைக்காகப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பி பிராக் போனார், பிறகு அமெரிக்கா. போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தார்.

சோசலிசத்தை நம்பி 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியில் குடியேறினார். உண்மையான மோதல் அங்கேதான். 1953 ஜூன் 17 தொழிலாளர் எழுச்சி பற்றிய அவர் நாவலுக்கு அங்கே அனுமதியில்லை. 1974இல் மேற்கு ஜெர்மனியில் வந்தது.

அவர் எழுதியதில் எனக்கு முதன்மையானது தாவீது அரசனைப் பற்றிய நாவல் (1972). தந்தையின் புகழைப் பாடும் 'அதிகாரபூர்வ' வரலாற்றை எழுதும்படி சாலமோன் எத்தான் என்பவரைப் பணிக்கிறான். தோண்டத் தோண்டக் கொலையும் துரோகமுமாக வெளிவருகின்றன. உண்மையை எழுதினால் தலை போகும். பொய் எழுத மனம் ஒப்பாது. விவிலியக் கதைதான், ஆனால் வரலாற்றை ஆளும் கட்சி திருத்தி எழுதிய நாட்டில் யாரைச் சொல்கிறார் என்று வாசகருக்குப் புரியாதா?

1979இல் அனுமதியின்றி மேற்கில் நூல் வெளியிட்டதற்கு அபராதம். எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் நீக்கம். அப்போதும் அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் 1989 நவம்பர் 4 அன்று கிழக்கு பெர்லின் அலெக்சாண்டர் சதுக்கத்தில், ஜனநாயகம் கேட்டுத் திரண்ட மக்கள் முன் அவர் பேசியதற்கு அத்தனை மதிப்பு.